செதில் கிழியவில்லை, ஆனால் மிருகம் செத்துவிட்டது

சரி, அடுத்த கேள்வி. ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ், அதாவது குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டி ஆளும் கணினி விளையாட்டு, அதை ஆடுகிற ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். சுருக்கமாகப் படிக்கிறேன். "அழுங்கு மாதிரி ஒரு மிருகத்தை மாட் செய்திருக்கிறேன் (கேமின் ஃபைலை மாற்றி நானே சேர்த்தது). உடல் அளவு 2,00,000. செதிலுக்கு எஃகின் எண்களையே போட்டுவிட்டேன். கோடரியால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெள்ளிச் சுத்தியல் வைத்திருந்த ஒரு குள்ளன் நாலே அடியில் கொன்றுவிட்டான். செதிலில் ஒரு கீறல்கூட இல்லை. இது கேமில் உள்ள பிழையா?"

பிழை இல்லை. கூடவே ஃபைலையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. திறந்து பார்த்தேன். எஃகின் எண்களைப் போட்டேன் என்கிறீர்கள், ஆனால் பாதியைத்தான் போட்டிருக்கிறீர்கள். ஷியர் யீல்டு 4,30,000, ஷியர் ஃப்ராக்சர் 7,20,000, இம்பாக்ட் யீல்டு 15,05,000, எல்லாம் சரி. இந்தப் பெயர்களுக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்குக் கீழே 'ஸ்ட்ரெய்ன் அட் யீல்டு' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் தொடவே இல்லை. பழைய 50,000 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் அழுங்கு செத்தது அந்த ஒரு வரியால்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், அப்போதுதான் புரியும். இந்த விளையாட்டை எழுதும் டார்ன் ஆடம்ஸ் ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அண்ணன் ஸாக்கும் அவரும் சேர்ந்து 2006-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அப்போதெல்லாம் மிருகத்தின் இயற்கைக் கவசம் என்பது ஒரே ஒரு எண். டேம்பிளாக் என்று பெயர். வருகிற அடியில் இவ்வளவைக் கழித்துக்கொள், அவ்வளவுதான் கணக்கு. பெரும்பாலான ஆர்பிஜி-களில், அதாவது ஒரு பாத்திரமாக நடித்து ஆடும் விளையாட்டுகளில், இன்றும் அதே கதைதான். 2010-இல் 0.31 பதிப்பு வந்தபோது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடலைத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பொருள், அந்தப் பொருளுக்கு நிஜமான பொறியியல் எண்கள் என்று மாற்றினார்கள். இந்த யீல்டு, ஃப்ராக்சர் எண்களின் அலகு கிலோபாஸ்கல், அழுத்தத்தை அளக்கிற அலகு. எஃகின் 4,30,000 என்பது 430 மெகாபாஸ்கல். இரும்பு 155. சும்மா அடித்துவிட்ட எண்கள் இல்லை.

யீல்டு, ஃப்ராக்சர் இரண்டையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒரு அலுமினியச் சட்டி கீழே விழுந்தால் நசுங்கும், உடையாது. நசுங்க ஆரம்பிக்கிற இடம் யீல்டு. அதையே போட்டு மிதித்துக் கிழித்தால் அது ஃப்ராக்சர். மண்சட்டிக்கு நசுங்குவது என்ற பேச்சே கிடையாது, நேராக உடைவதுதான். இந்த கேமில் எலும்புக்கு இம்பாக்ட் யீல்டும் 2,00,000, ஃப்ராக்சரும் 2,00,000. அதாவது எலும்பு ஒரு மண்சட்டி. ஷியர் என்று தொடங்குபவை வெட்டுக்கு, இம்பாக்ட் என்று தொடங்குபவை மொத்துக்கு.

இப்போது மூன்றாவது வரி, நம் ஆள், ஸ்ட்ரெய்ன் அட் யீல்டு. ஒரு பொருள் யீல்டு ஆவதற்கு முன்னால் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்வது இது. எஃகுக்கு மொத்தில் 940. அதாவது ஒரு சதவீதம்கூட இல்லை. உங்கள் செதிலுக்கு 50,000. பாதிக்குப் பாதி! அது எஃகு இல்லை ஐயா, எஃகு மாதிரியே கிழியாத சாக்கு. தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு சுத்தியல் அடி வாங்கினால் என்ன ஆகும்? சாக்குக்கு ஒன்றும் ஆகாது, மண்டைதான் போகும்.

கேம் இதை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஆட்டக்காரர்கள் வருடக்கணக்காக அரீனாவில், அதாவது கேமில் சண்டையைச் சோதித்துப் பார்க்கிற களத்தில், அடித்து அடித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேலடுக்கு உடையவில்லை என்றால் அடியின் வேகம் அங்கேயே செத்துவிடாது. ஸ்ட்ரெய்ன் எண்ணை 50,000-ஆல் வகுத்தால் வருகிற பங்கு அடுத்த அடுக்குக்குப் போகும். எஃகுக்கு 940-ஐ வகுத்தால் நூற்றில் 2-கூட வராது, கிட்டத்தட்ட எல்லா அடியும் வெளியிலேயே நின்றுவிடும். உங்களுக்கு 50,000-ஐ 50,000-ஆல் வகுத்தால் ஒன்று. வந்த அடி முழுசாகத் தசைக்கும் எலும்புக்கும் இறங்குகிறது. சங்கிலிக் கவசம் போட்ட குள்ளன் கத்திக்குத்தில் தப்பித்துச் சுத்தியலில் சாவதும் இதே காரணத்தால்தான். அப்புறம், அவன் கையில் இருந்தது வெள்ளி. கன மீட்டருக்கு 10,490 கிலோ. எஃகு 7,850-தான். சுத்தியலுக்குக் கனம்தான் முக்கியம், கூர்மை யாருக்கு வேண்டும்? அடமன்டைன் என்கிற கேமின் கற்பனை உலோகத்தில் சுத்தியல் செய்துவிட்டுப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதன் அடர்த்தி 200. தக்கையால் அடிக்கிற மாதிரி.

ஆக, இம்பாக்ட் ஸ்ட்ரெய்னை 940, ஷியர் ஸ்ட்ரெய்னை 215 என்று மாற்றுங்கள், உங்கள் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் உண்மையைச் சொன்னால், செதிலுக்கு எஃகு எண்ணைக் கொடுப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நிஜ அழுங்கின் செதில் கெரட்டின். நம் நகம் இருக்கிறதே, அதே பொருள். பொருள் அப்படி ஒன்றும் பலமானது இல்லை, ஆனால் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு செதில்தான் என்கிறார்கள். அதனுடைய பலம் தடிமனிலும், ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்த மாதிரி கிடப்பதிலும்தான் இருக்கிறது. உங்கள் ஃபைலில் தடிமன் விகிதம் தசைக்கு 50 என்றால் செதிலுக்கு 1 கொடுத்திருக்கிறீர்கள். அந்த 1-ஐ 8, 10 ஆக்கிப் பாருங்கள், எஃகு தேவையே இருக்காது. அளவும் சேர்ந்து வேலை செய்யும். முழுசாக வளர்ந்த டிராகனின் அளவு 2,50,00,000. உங்கள் மிருகத்தைவிட 125 மடங்கு. அடுக்கின் தடிமன் இந்த எண்ணின் கனமூலத்தை ஒட்டிப் போகும். 125-க்குக் கனமூலம் 5. அதே விகிதத்தில் செதில் கொடுத்தால் டிராகனுக்கு ஐந்து மடங்கு தடிமன் சும்மாவே கிடைத்துவிடும். சின்ன மிருகத்துக்கு அந்தச் சலுகை இல்லை, நாம்தான் கையால் கூட்ட வேண்டும்.

நிஜ இரும்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் ஒரு உயிர் இருக்கிறது! 2001-இல் இந்தியப் பெருங்கடலில், கிட்டத்தட்ட 2,400 மீட்டர் ஆழத்தில், கைரெய் என்கிற வெந்நீர் ஊற்றுப் பகுதியில் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார்கள். காலில் செதில், செதிலில் இரும்பு சல்ஃபைடு. அதன் ஓடு மூன்று அடுக்கு. வெளியே சுமார் 30 மைக்ரானுக்கு இரும்பு சல்ஃபைடு, நடுவில் 150 மைக்ரானுக்கு மெத்தென்ற கரிமப் பொருள், உள்ளே 250 மைக்ரானுக்குச் சுண்ணாம்பு ஓடு. இதை நான் என் மாட்-இல் ரிலேட்டிவ் திக்னஸ், அதாவது அந்தத் தடிமன் விகிதம், 3, 15, 25 என்று அப்படியே போட்டேன். போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டு இருந்தேன், ஏனென்றால் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை.

நிஜத்தில் அந்த நடு அடுக்குதான் ஹீரோ. அடியின் ஆற்றலை அது விழுங்கிவிடும், வெளியே விழுந்த விரிசலை உள்ளே ஓட விடாது. கேமில் நடப்பது தலைகீழ். மெத்தென்று இருக்கிற அடுக்கு அடியை விழுங்காது, அப்படியே கீழே கடத்தும். இந்த ஒரு இடத்தில் கேமின் இயற்பியல் தப்பு என்றே நான் சொல்வேன். கடைசியில் என் நத்தையைக் காப்பாற்றியது உள்ளே இருந்த சுண்ணாம்பு ஓடுதான். அதற்கு எலும்பின் எண்ணைக் கொடுத்து, ஸ்ட்ரெய்னை 100 என்று வைத்தேன். வெளியிலும் நடுவிலும் தப்பித்து வந்த அடி அங்கே நின்றது. அதனால் நீங்களும் மெத்தை அடுக்கு வைப்பதாக இருந்தால் அதற்கு உள்ளே கட்டாயம் ஒரு விறைப்பான அடுக்கு வையுங்கள். மெத்தையைக் கடைசியாக வைத்தால் சாக்குக் கதைதான் திரும்ப நடக்கும்.

கேமால் காட்ட முடியாத இன்னொன்றும் உண்டு. தன் எடையைப் போல 39,000 மடங்கைத் தாங்கும் ஒரு வண்டைப் பற்றி 2020-இல் ஆய்வு வந்ததே, அது உடையாமல் இருப்பதற்குக் காரணம் பொருள் மட்டும் இல்லை, முதுகில் இரண்டு ஓடுகளும் ஜிக்சா துண்டுகள் மாதிரி கோர்த்துக்கொள்ளும் பொருத்து. இங்கே ஒரு அடுக்கு என்றால் ஒரே சீரான பொருள், பொருத்துக்கு இடமே இல்லை. கிட்டத்தட்ட அந்த மாதிரி வேண்டுமென்றால் யீல்டைக் குறைவாக வைத்து ஃப்ராக்சரை மட்டும் நன்றாக உயர்த்துங்கள். நசுங்கும், சீக்கிரம் உடையாது.

ஒரு எச்சரிக்கை. ஓட்டுக்கோ எலும்புக்கோ நீங்கள் என்ன எண் கொடுக்கிறீர்களோ, அந்த மிருகத்தை அறுத்துச் செய்கிற தலைக்கவசத்துக்கும் அம்புக்கும் அதே எண்தான் போகும். என் நண்பன் ஒருவன் இப்படித்தான் நண்டுக்கு எஃகு ஓடு கொடுத்தான். ஒரே வருஷத்தில் கோட்டை முழுக்க நண்டு ஓட்டுக் கவசம், கொல்லன் உலைக்கு வேலையே இல்லை.

மாற்றிவிட்டு அரீனாவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்து செப்புக் கோடரி, ஒரு பக்கம் ஐந்து வெள்ளிச் சுத்தியல். சண்டை லாக்-இல், அதாவது ஒவ்வொரு அடியையும் கேம் எழுதிவைக்கிற பதிவில், செதில் உடைந்ததா, இல்லை செதிலுக்கு அடியில் தசை கன்றியதா என்று மட்டும் பாருங்கள். தசை கன்றினால் ஸ்ட்ரெய்ன் இன்னும் அதிகம். செதிலே உடைந்தால் தடிமன் போதாது. லாக்-ஐ அனுப்பினால் அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்க்கலாம்.