குங்குமப்பூ டப்பா நிஜமாவே வேலை செஞ்சா?

[காட்சி: வளைகாப்புத் தட்டு. வளையல், சந்தனம், ஓரத்துல ஒரு சின்ன டப்பா.]

போன மாசம் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுல எங்க அக்காவுக்கு வளைகாப்பு. எல்லாரும் வளையல் போட்டு முடிச்சதும் அத்தை ஒரு குங்குமப்பூ டப்பாவை எடுத்து அக்கா கையில வச்சாங்க. "தினமும் பால்ல போட்டுக் குடி, குழந்தை செவப்பா பொறக்கும்." அத்தையும் கறுப்புதான். பொண்ணு பார்க்க வந்தவங்க அவங்க நிறத்தைப் பத்திப் பேசினதை இன்னும் மறக்கல. வரப்போற பிள்ளைக்கு அது வேணாம்னு நினைக்கறாங்க, அவ்வளவுதான்.

குங்குமப்பூ யார் நிறத்தையும் மாத்தாது. ஆனா மாத்தற ஒரு டப்பா நிஜமாவே கடைக்கு வந்தா நாம வாங்குவோமா?

[காட்சி: டிஎன்ஏ ஏணி சுழலுது.]

நம்ம உடம்பு எப்படி அமையணும்னு எழுதி வச்சிருக்கற டிஎன்ஏவுல, குறிச்ச இடத்துல வெட்டற கத்தரி ஒண்ணு இருக்கு. பேரு கிரிஸ்பர். அதை எப்படிப் பயன்படுத்தலாம்னு 2012-ல காட்டின ஜெனிஃபர் டவுட்னா, இம்மானுவேல் ஷார்பென்டியர் ரெண்டு பேருக்கும் 2020-ல வேதியியல் நோபல் கிடைச்சது.

இந்தக் கத்தரியை ரெண்டு விதமா எடுக்கலாம். ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போற பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை உள்ள ஒருத்தரோட எலும்பு மஜ்ஜை செல்களை வெளியே எடுத்து, திருத்தி, அவருக்கே திருப்பிக் கொடுக்கறது ஒண்ணு. 2023-ல பிரிட்டனும் அமெரிக்காவும் இதுக்கு அனுமதி கொடுத்தாங்க. அந்தத் திருத்தம் அவரோட முடிஞ்சிடும், அவர் பிள்ளைக்குப் போகாது. இன்னொண்ணு, கருவிலேயே திருத்தறது. அது பேரன், பேத்தின்னு வழிவழியா போய்க்கிட்டே இருக்கும்.

2018 நவம்பர்ல சீனாவுல ஹே ஜியான்குய்ங்கற விஞ்ஞானி இந்த ரெண்டாவதைச் செஞ்சதா அறிவிச்சார். இரட்டைப் பெண் குழந்தைங்க, அப்பாவுக்கு எச்ஐவி. அந்தக் கிருமி செல்லுக்குள்ள நுழையற கதவை உண்டாக்கற சிசிஆர்5-ங்கற மரபணுவை வெட்டினதா சொன்னார். அப்பாகிட்ட இருந்து குழந்தைக்குத் தொத்தாம இருக்க விந்தணுவைக் கழுவற முறை ஏற்கெனவே இருந்துச்சு. அந்தக் குழந்தைங்களுக்கு இந்த வெட்டு தேவையே இல்ல. 2019 டிசம்பர்ல அவருக்கு மூணு வருஷச் சிறை. குழந்தைங்க உடம்புல செஞ்ச வெட்டை மட்டும் யாராலயும் திரும்பப் பெற முடியாது.

[காட்சி: அளவு நாடா.]

சரி, எதையெல்லாம் மாத்த முடியும்? உயரத்தை எடுத்துக்கோங்க. 50 லட்சம் பேருக்கு மேல அலசி 2022-ல வந்த ஆய்வுல, உயரத்தோட தொடர்புள்ள மரபணு மாறுபாடுகள் 12,000-க்கும் மேல கிடைச்சது. அறிவு அதைவிடச் சிக்கல். நீட்ல பாஸாகற கருன்னு யாராவது விக்க வந்தா நம்பாதீங்க.

நிறம் அப்படி இல்ல. எஸ்எல்சி24ஏ5-ங்கற மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறினா தோல் வெளுக்குது. தெற்காசியாவுல ஆளுக்கு ஆள் நிறம் மாறறதுல அந்த ஒரு எழுத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆக முதல்ல கைக்கு எட்டப்போறது, பொண்ணு பார்க்க வந்தவங்க அத்தையை எதை வச்சு அளந்தாங்களோ அதுதான். எனக்கு இதுதான் பயம்.

"நல்ல ஸ்கூல்ல சேர்க்கறோம், டியூஷன் வைக்கறோம். அதையே மரபணுவுல செஞ்சா என்ன தப்பு?"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. ஆனா டியூஷன் பிடிக்கலைன்னா பிள்ளை அழும், சண்டை போடும், ஒருநாள் "எனக்கு டாக்டர் படிப்பு வேணாம்"னு எழுந்து போகும். கருவுல எடுத்த முடிவை எதிர்த்துப் பேச அதுக்கு அப்ப வாயே கிடையாது. நம்ம கிருஷ்ணகிரி மாந்தோப்புல, கூழ் ஆலைக்குப் போகும்னு பெங்களூரா ரக மாமரம் வச்சவங்களுக்கு விலை விழுந்தா மரத்தோட தலையை வெட்டி வேற ரகம் ஒட்டுக் கட்டலாம். பிள்ளையை என்ன செய்வீங்க?

ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோயான தலசீமியா உள்ள குழந்தையை மாசாமாசம் ரத்தம் ஏத்தக் கூட்டிப் போற அம்மா, "அடுத்த குழந்தைக்காவது இது வேணாம்"னு கேட்டா நான் அவங்க பக்கம்தான். 2021-ல வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பரம்பரை நோய்க்காகக் கருவைப் பரிசோதிக்க அனுமதிக்குது. ஆணா பொண்ணான்னு பார்த்துத் தேர்ந்தெடுக்க அனுமதி இல்ல. கருவோட மரபணுவைத் திருத்திக் குழந்தை பெத்துக்கறதுக்கும் இந்தியாவுல தடை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2019 வழிகாட்டுதல் அதைத் தெளிவா சொல்லுது.

[காட்சி: அரசு மருத்துவமனை வாசல், காலித் தொட்டில்.]

பிள்ளையைத் தேர்ந்தெடுக்கறது நம்ம மாவட்டத்துக்குப் புதுசில்ல. பெண் சிசுவைக் காப்பாத்த 1992-ல சேலத்துல தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல தர்மபுரிக்கும் கொண்டு வந்தாங்க. அந்த வருஷக் கணக்கெடுப்புல இங்க ஆறு வயசு வரைக்கும், ஆயிரம் ஆண் பிள்ளைங்களுக்கு 900 பெண் பிள்ளைங்ககூட இல்ல. வரதட்சணைக்குப் பயந்து ஒவ்வொரு வீடும் "இது எங்க வீட்டு விஷயம்"னு தனித்தனியா எடுத்த முடிவுதான், மொத்தமா கூட்டினப்ப அப்படி வந்து நின்னுச்சு. கருவுல ஆணா பொண்ணான்னு பார்க்கறதைத் தடுக்க 1994-லயே சட்டம் வந்தாச்சு. இன்னைக்கும் நம்ம பக்கத்துல வீட்டுக்குள்ள ஸ்கேன் மெஷின் வச்சவங்க மாட்டறாங்க. அந்த ரூமுக்குள்ள நாளைக்கு நிறம் பார்க்கற மெஷினும் வராதுன்னு எதை வச்சு நம்பறது?

[காட்சி: கைப்பம்பு. பிறகு, குழாயில வர்ற காவிரித் தண்ணி.]

இன்னொண்ணும் நம்ம ஊர்லதான் நடந்துச்சு. போர்த் தண்ணியில இருந்த ஃப்ளோரைடு, தலைமுறை தலைமுறையா பல்லுல பழுப்புக் கறையா விழுந்துச்சு. சிலருக்கு எலும்பே வளைஞ்சுது. அப்ப கிரிஸ்பர் இருந்திருந்தா, கறை படியாத பல்லோட ஒரு பிள்ளை வேணும்னு காசு உள்ளவங்க கேட்டிருப்பாங்க. மத்த பிள்ளைங்க அதே போர்த் தண்ணியைக் குடிச்சிட்டிருக்கும். நல்லவேளை, தண்ணியை மாத்தினாங்க. சுமார் 1,900 கோடி ரூபாய்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-ல தொடங்கினது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவிரி வந்துச்சு. அதுல யாரும் எந்தப் பிள்ளையையும் தேர்ந்தெடுக்கல.

அக்காவுக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்காங்க, இலவசமா. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மறக்காம போட்டுக்கறா. குங்குமப்பூ டப்பா இன்னும் பிரிக்காம அலமாரியில இருக்கு. அத்தை வர்றப்பல்லாம் கேக்கறாங்க. என்ன சொல்றதுன்னு அக்கா இன்னும் யோசிச்சிட்டிருக்கா.