ஆறு வயதில் ஆறாவது பல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பல்லைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் ஆலும் வேலும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் நாக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் நாக்கு நுனியைக் கீழ்வரிசைப் பற்களின் நடுவில் வையுங்கள். சமையல் வேலையில் இருப்பவர்களும் வைக்கலாம், கை தேவையில்லை. அங்கிருந்து இடது பக்கமாக ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டே பின்னால் போங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவதாக ஒரு பெரிய பல் வரும். அகலமாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். இருக்கிறதா? சந்தோஷம். அங்கே பல்லுக்குப் பதிலாக வெறும் ஈறு தட்டினால் கவலைப்படாதீர்கள், எனக்கும் அந்தப் பல் கிடையாது. எட்டு வயதில் போனது. இன்று பெரும்பாலும் அந்த ஒரு பல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நேரம் எப்படி இருக்கிறதென்று பார்க்கலாம்.

1967-ஆம் வருஷம். தர்மபுரிப் பக்கம் எங்கள் கிராமத்தில் மாரியம்மன் பண்டிகை. கூழ் ஊற்றிய அன்று ராத்திரி எனக்குப் பல்வலி. பாட்டி முதலில் கிராம்பைக் கடிக்கச் சொன்னாள். அப்புறம் அடுப்பிலிருந்து நெருப்புத் துண்டை எடுத்து, அதன்மேல் கண்டங்கத்திரி விதையைப் போட்டு, ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, வரும் புகையை வாயில் பிடிக்கச் சொன்னாள். பல்லில் இருக்கிற பூச்சி செத்து விழுமாம். எனக்கு இருமல்தான் வந்தது. இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூச்சிப்பல் என்று நாம் சொன்னாலும் பல்லுக்குள் பூச்சி, புழு எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சர்க்கரையைத் தின்றுவிட்டு அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது. புகைக்கு அதெல்லாம் அசையாது.

மறுநாள் அப்பா என்னை சைக்கிளில் வைத்துப் பக்கத்து ஊரில் பல் பிடுங்குகிறவரிடம் கூட்டிப் போனார். அவர் வாயைத் திறக்கச் சொன்னார், தட்டிப் பார்த்தார். “பால்பல்லுதான் வாத்தியாரே, விழுந்து முளைக்கிறதுதானே” என்றார். அப்பாவும் சரி என்றுவிட்டார். பிடுங்கினார்கள். அந்த நிமிடத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள் அப்புறம் பல் டாக்டர்களான எங்கள் பக்கமே வரமாட்டார்கள்.

பல்லைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். அப்போதுதான் புதுப்பல் முளைக்கும். பாட்டி காகிதத்தைப் பிரித்தாள், பல்லை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே இரண்டு வேர், உண்டிவில் கவட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. “பால்பல்லுக்கு எங்கடி இத்தனை வேரு?” என்றாள். அப்பா, “அதெல்லாம் முளைக்கும்மா” என்றார். நான் எறிந்தேன். முதல் தடவை ஓட்டில் உருண்டு திரும்பவும் வாசலுக்கே வந்துவிட்டது. இரண்டாம் தடவை மேலேயே தங்கியது. அதற்குப் பிறகு ஒரு வருஷம், காலையில் எழுந்ததும் என் நாக்கு முதலில் அந்தப் பள்ளத்துக்குத்தான் போகும். முளைத்துவிட்டதா என்று பார்க்க. இன்றுவரை முளைக்கவில்லை.

பாட்டி கவனித்தாள் பாருங்கள், அதுதான் விஷயம். பால்பல் தானாக விழும்போது அதற்கு வேர் இருக்காது. அடியில் வளரும் நிரந்தரப் பல் மேலே வர வர, பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். கடைசியில் தொப்பி மாதிரி மேல்பகுதி மட்டும் ஆடி விழும். அது விழுகிற நேரத்துக்கு வந்த பால்பல்லாக இருந்திருந்தால் இரண்டு கவட்டை வேர் எங்கிருந்து வரும்?

பல் மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் எங்களை மெழுகுக் கட்டியில் பல் செதுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பல்லாக, அளவு பிசகாமல். கீழ்த்தாடையின் ஆறாவது பல்லைச் செதுக்கினேன். மேலே ஐந்து மேடு, நடுவே பள்ளம், கீழே இரண்டு வேர். செதுக்கி முடித்துக் கையில் வைத்துப் பார்த்தபோது கூரைமேல் எறிந்த பல் ஞாபகம் வந்தது. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லைச் சாணியில் பொதிந்து எறிந்திருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பாட்டியிடம் சொன்னேன். “நான் அன்னைக்கே சொன்னேன், வேரு இருக்குன்னு. யாரு கேட்டீங்க?” என்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் கணக்கு வாத்தியார். ஆறுவரை எண்ணியிருந்தால் போதும்.

அந்தக் கணக்கு இதுதான், ரொம்பச் சுலபம். பால்பற்கள் மொத்தம் 20. மேலே 10, கீழே 10. அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஐந்து. ஐந்தோடு பால்பல் முடிந்தது. ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிரந்தரப் பல். குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்போது வரும். ஆறு வயதில் ஆறாவது பல். மறுபடியும் சொல்கிறேன், ஆறு வயதில் ஆறாவது பல். மேலும் கீழும், இடமும் வலமுமாக நான்கு பற்கள்.

இந்தப் பல் வரும்போது எந்தப் பல்லும் விழாது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. முன்பல் ஆடினால் வீடே வேடிக்கை பார்க்கும், பள்ளிக்கூடத்தில் பொக்கைவாய் என்று கேலி செய்வார்கள். இது மட்டும் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், இருட்டில், சத்தமில்லாமல் ஈறைக் கிழித்துக்கொண்டு எழுந்து நிற்கும். முழுதாக மேலே வரவே பல மாதம் ஆகும். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதன்மேல் படாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதன் தலையில் இருக்கும் பள்ளங்களோ பிரஷின் ஒற்றை இழைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். பிஸ்கட் மாவு போய் அப்பிக்கொள்ள அதைவிட வசதியான இடம் வாயில் கிடையாது.

முப்பது வருஷம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். ஏழெட்டு வயதுக் குழந்தை, கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வரும். கூடவே வரும் அம்மா சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்தான். “விழுந்து முளைக்கிற பல்லுதானே டாக்டர், புடுங்கிடுங்க.” நான் அந்த அம்மாவின் விரலைப் பிடித்துக் குழந்தையின் பல்லை எண்ண வைப்பேன். ஐந்து வரைக்கும் சாதாரணமாக எண்ணுவார். ஆறு என்று சொல்லும்போது முகம் மாறும். இந்தப் பல் போனால் பின்னால் வருகிற பல் அந்தக் காலி இடத்துக்குள் சாயும். மேலே இருக்கிற பல் முட்டுக் கொடுக்க ஆளில்லாமல் கீழே இறங்கும். மெல்லுவதெல்லாம் ஒரே பக்கம் ஆகிவிடும். என்னைக் கேட்டால் தெரியும், அறுபது வருஷமாக நான் முறுக்கை வலது பக்கம்தான் கடிக்கிறேன்.

அதற்காகப் பால்பல் தானே என்று மீதி ஐந்தையும் விட்டுவிடக் கூடாது. பின்பக்கத்துப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. கீழே வருகிற பல்லுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது அவைதான். சின்னக் குழந்தைகளுக்கு ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க வைக்காதீர்கள், அதிலும் சர்க்கரை போட்ட பாலை. தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறும், பல்லைக் கழுவ ஆளில்லை. மேல் முன்பற்கள் கறுத்துக் கரைந்துவிடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொண்டிருப்பதால் அவை தப்பிக்கும். மேலே கறுப்பு, கீழே வெள்ளை என்று ஒரு குழந்தை சிரித்தால் பாட்டில் கதையை நாங்கள் கேட்காமலே தெரிந்துகொள்வோம்.

சரி, மிட்டாயே கூடாதா? கமர்கட்டும் தேன்மிட்டாயும் இல்லாத பிள்ளைப் பருவம் என்ன பருவம். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஸ்வீடனில் 1945-இல் தொடங்கி மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு மருத்துவமனையில் பல வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். சாப்பாட்டோடு இனிப்புச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு இடையிடையே, ஒட்டிக்கொள்ளும் டாஃபியைத் தின்றவர்களுக்கு ஏகமாகக் கூடியது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் பல்லைக் கெடுத்துத்தான் நாம் இதைத் தெரிந்துகொண்டோம், எனக்கு அதை நினைத்தால் சங்கடமாகவே இருக்கும். ஒரு தடவை இனிப்புத் தின்றால் வாயில் ஏறும் அமிலம் இறங்க அரை மணிக்கு மேலாகும். எச்சில்தான் அதைச் சரிசெய்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு பிஸ்கட் என்றால் எச்சில் பாவம் என்ன செய்யும்? மிட்டாயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

பல் தேய்த்து விடுவது உங்கள் வேலை. ஏழெட்டு வயது வரை குழந்தை தானாகத் தேய்ப்பது விளையாட்டு, அதையும் செய்யட்டும். பிறகு நீங்கள் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தை விரலால் விலக்கி, அந்த ஆறாவது பல்லுக்குக் குறுக்குவாட்டில் பிரஷை விட்டுத் தேயுங்கள். பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி போடுவார்கள், அது பேஸ்ட் விற்கிறவர்களுக்கு நல்லது. ராத்திரித் தேய்ப்பு காலைத் தேய்ப்பைவிட முக்கியம்.

பேஸ்டில் ஃப்ளூரைடு இருக்கட்டும். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு கூடிப்போய்த்தான் தலைமுறை தலைமுறையாகப் பல் பழுப்பேறியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் குடிதண்ணீரில் இருக்கக் கூடாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதற்காகத்தான். ஃப்ளூரைடும் உப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது வயிற்றுக்குள் அதிகம் போனால் கறை, பல்லின்மேல் கொஞ்சம் பட்டால் காவல். அதனால் குழந்தைக்குத் துப்பக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பழுப்பைச் செங்கல் தூளாலும் கரித்தூளாலும் தேய்க்காதீர்கள். கறை பல்லுக்குள்ளேயே இருக்கிறது, தேய்ந்துபோவது பல்தான். ஆறாவது பல் வந்ததும் அதன் பள்ளத்தை அடைக்கிற பூச்சு ஒன்று உண்டு, சீலன்ட் என்று கேளுங்கள். ஊசி இல்லை, குடைவதும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. பெரியவர்கள் தாள் அப்படியே இருக்கிறது. வேகமாகப் படிக்கிறேன். தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், மெதுவாகத் தேயுங்கள், பல்லில் காரை, அதாவது கெட்டிப்பட்ட அழுக்கு, படிந்திருக்கும், டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது பொய். காரை பிடித்துக்கொண்டிருந்ததால் ஆடுவது தெரியவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுப்படாது. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று இன்னும் பயப்படுகிறார்கள், போகாது. பாக்கு போடுகிறவர்கள், புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு போட்டாலும் சரி, வாயைத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் நாளைக்கே டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணுக்கும் அதேதான்.

பல்செட் பற்றியும் ஒரு பக்கம் வைத்திருந்தேன். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு விரல் காட்டுகிறார்கள். வணக்கம்.