காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரிகிறதே, அது ஏன் வழுக்குவதில்லை?

வணக்கம். உராய்வு பற்றிய போன வீடியோவைப் பார்த்துவிட்டு சூலூர்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்ட கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது இது: "அண்ணா, எங்கள் பாட்டி கூடூர் பக்கம் மைக்கா உரிக்கும் வேலைக்குப் போனவர். கத்தி முனையை வைத்து நெம்பினால் ஏடு ஏடாக வரும் என்பார். செல்போனுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்களுக்கு எண்ணெய்க்குப் பதிலாக இந்த மாதிரி ஏடு ஏடான கனிமத்தைப் போடுகிறார்கள் என்று படித்தேன். அது மைக்காதானா? எண்ணெய் விட்டால் என்ன ஆகும்?"

நான் ஆரம்பாக்கத்துக்காரன். நமக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சோதனைச் சாவடிதான். மைக்காவை நாம் காக்காப்பொன் என்கிறோம், நீங்கள் கடைத்தெருவில் காக்கிபங்காரம் என்று கேட்டிருப்பீர்கள். பாட்டி உரித்தது நெல்லூர்ப் பகுதிக்கே உரிய பச்சை சாயல் கொண்ட மைக்காவாக இருக்கும். அந்த வேலை செய்த கைகளுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் செல்போன். நீங்கள் போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஒரு சிலிக்கான் எடை. மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் அது தொங்குகிறது. அதற்கும் பக்கத்தில் இருக்கும் பகுதிக்கும் நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் 70, 80 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். ஆனால் அந்தக் கருவிக்குள் மசகு எதுவும் போடுவதில்லை, ஏனென்றால் அங்கே எதுவும் எதன் மேலும் உராய்வதே இல்லை. ஸ்பிரிங் வளையும், நிமிரும், அவ்வளவுதான். உராய்வே வராதபடி திட்டமிட்டுச் செய்தது அது. சிலிக்கானும் சிலிக்கானும் தேய்ந்தால் சீக்கிரமே பொடி உதிர்ந்து சிக்கிக்கொள்ளும். பற்சக்கரம், சுழலும் மோட்டார் எல்லாம் அந்த அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். நீண்ட நாள் ஓட வைப்பதுதான் பாடாக இருக்கிறது. நீங்கள் படித்த கனிம ஏடுகள் அதற்கான முயற்சி.

சரி, எண்ணெய் விட்டால் என்ன? ஒரு கட்டையின் நீள அகல உயரத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். பரப்பு நூறில் ஒன்றாகும், எடை ஆயிரத்தில் ஒன்றாகும். இப்படிச் சுருக்கிக்கொண்டே போனால் எடைக்கு மதிப்பே இருக்காது, பரப்பின் ஒட்டும் குணம் மட்டுமே மிஞ்சும். ஈரத்தோடு அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழுப்பு மைக்ரான் இயந்திரத்தில் பிரிக்கவே முடியாத பிடி. எண்ணெய்த் துளியும் அதையேதான் செய்யும். இரண்டு பக்கத்தையும் இழுத்து ஒட்டிவிடும், பசை மாதிரி.

இன்னொன்றும் உண்டு, இதில்தான் பாட்டியின் மைக்கா வருகிறது. இடுக்கு சில மூலக்கூறுகள் அளவுக்குக் குறுகினால் எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. மூலக்கூறுகள் வரிசை கட்டி நின்று, திடப்பொருள் போல விறைக்கின்றன. அதைக் கண்டுபிடித்த கருவி மைக்காவால் ஆனது. 1969-ல் கேம்பிரிட்ஜில் டேபர், விண்டர்டன் என்ற விஞ்ஞானிகள் தொடங்கி, பிறகு இஸ்ரேலாச்விலி என்ற விஞ்ஞானி மேம்படுத்திய கருவி அது. புதிதாக உரித்த இரண்டு மைக்கா ஏடுகளை எதிரெதிரே வைத்து, நடுவில் திரவத்தை விட்டு, இடைவெளியை அணு அளவுக்கு அளப்பார்கள். ஏன் மைக்கா என்றால், உரித்த முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில்கூட ஒரு அணு உயரப் படி இல்லாமல் கிடைக்கும். எந்தப் பட்டறையிலும் அப்படி இழைக்க முடியாது.

இப்போது இதைப் பாருங்கள். பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய மைக்கா தகடு. பிளேடு முனையை ஓரத்தில் விட்டு நெம்புகிறேன், பிரிகிறது. இன்னும் நெம்பினால் இன்னும் பிரியும். இப்போது பிளேடை வைத்துவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளுகிறேன். நகரவே இல்லை. மறுபடி பார்க்கிறீர்களா? நகரவில்லை. அடுத்து இது பலப்பம், சிலேட்டில் எழுதுவோமே. ஆந்திராவிலும் பலபம்தான். மாக்கல்லில் செய்தது. தேய்த்தால் விரல் வழவழவென்று ஓடுகிறது. இரண்டுமே ஏடு ஏடான கனிமம், இரண்டின் ஏடுகளும் சிலிக்கானும் ஆக்சிஜனும் கலந்து கட்டியவை. அப்படியிருந்தும் ஒன்று வழுக்குகிறது, ஒன்று வழுக்கவில்லை.

வித்தியாசம் ஏடுகளுக்கு நடுவில் இருக்கிறது. மாக்கல்லில் இருக்கும் டால்க் ஏட்டுக்கு மின்னேற்றம் கிடையாது, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மைக்காவில் நான்கு சிலிக்கானில் ஒன்றின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். அதனால் ஏடு எதிர்மின்னேற்றம் பெறும். அதைச் சரிக்கட்ட ஏடுகளுக்கு நடுவில் பொட்டாசியம் அயனிகள், அதாவது நேர்மின்னேற்றம் பெற்ற பொட்டாசியம் அணுக்கள், வரிசையாக உட்கார்ந்து, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். அரிசிமாவு தூவி அடுக்கிய அப்பளக் கட்டைத் தள்ளினால் சரியும். மழை நாளில் நமுத்துப்போன கட்டு சரியாது, ஓரத்தில் நகம் விட்டு ஒவ்வொன்றாகத்தான் உரிக்க வேண்டும். பாட்டி கத்தி முனையால் செய்தது இந்த உரித்தல்தான். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை விடுவிப்பது. வழுக்க வேண்டுமென்றால் முழுப் பரப்பும் ஒரே நேரத்தில் பிடியை விட வேண்டும். பிரிவது வேறு, வழுக்குவது வேறு. மைக்காவைப் பார்த்த பிறகுதான் இது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அப்படியானால் எதைப் போடுகிறார்கள்? பெரும்பாலும் இரண்டு. ஒன்று கிராஃபைட், பென்சில் குச்சிக்குள் இருப்பது, நம் சிவகங்கையில் வெட்டியெடுப்பது. கார்பன் ஏடுகளுக்கு நடுவே இடைவெளி 0.335 நானோமீட்டர். ஒரு மைக்ரானை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இன்னொன்று மாலிப்டினம் டைசல்ஃபைடு. மெக்கானிக் கடையில் மோலி கிரீஸ் என்று கருப்பாகத் தருவார்களே, அதில் கருப்பாக இருப்பது இதுதான். அரூர் பக்கமும் பழனிக்கு அருகே கரடிக்கூட்டத்திலும் இதன் கனிமம் உண்டு. மாலிப்டினம் நடுவில், மேலும் கீழும் கந்தகம். ஒரு ஏடு சுமார் 0.65 நானோமீட்டர். கந்தக முகமும் கந்தக முகமும் பார்த்துக்கொண்டிருக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. இடைவெளியே ஒரு மைக்ரான் இருக்கும் இயந்திரத்தில் ஒரு மைக்ரான் பூச்சு பூச முடியாது. பத்து ஏடு வைத்தாலும் 6.5 நானோமீட்டர்தான், அதுதான் இதன் அருமை.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், எந்தக் காற்றில் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டாம் உலகப்போர் காலத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது ஜெனரேட்டரின் கார்பன் பிரஷ்கள், அதாவது சுழலும் பகுதியில் உரசி மின்சாரத்தை எடுக்கும் கிராஃபைட் கட்டிகள், மளமளவென்று தேய்ந்து தூளாகின. தரையில் மாதக்கணக்கில் ஓடியவை அவை. மேலே காற்றில் ஈரம் இல்லை, காரணம் அதுதான். கிராஃபைட் ஏடுகளின் ஓரத்தில் பிடிப்பதற்கு ஆள் தேடும் அணுக்கள் இருக்கும். நீராவி போய் அவற்றின் வாயை அடைத்தால்தான் ஏடு வழுக்கும். மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர் எதிர். வெற்றிடத்தில் அற்புதமாக வழுக்கும், ஈரக்காற்று பட்டால் உராய்வு பல மடங்கு ஏறும். பழவேற்காடு ஏரிக்காற்றில் ஒன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போகும் கலத்துக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலம் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. நாசாவின் கலிலியோ கலம் 1989-ல் வியாழனுக்குக் கிளம்பியது. 1991 ஏப்ரலில் அதன் 4.8 மீட்டர் ஆண்டெனாவைக் குடை போல விரிக்கச் சொன்னார்கள். 18 கம்பிகளில் சில ஒட்டிக்கொண்டன, குடை கடைசி வரை விரியவே இல்லை. விசாரித்தவர்கள் வந்த முடிவு: கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் லாரியில் கொண்டுபோய்க் கொண்டுவந்ததில், குலுங்கிக் குலுங்கி, கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின் மேல் இருந்த உலர் மசகுப் படலம் தேய்ந்துவிட்டது. எண்ணெய் என்றால் பக்கத்திலிருந்து ஓடிவந்து காலி இடத்தை நிரப்பும். ஏடு போனால் போனதுதான். சின்ன இயந்திரங்களுக்கு நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பத்து ஏடு என்று பெருமையாகச் சொன்னேன், ஆனால் அந்தப் பத்தும் தேய்ந்தால் பதினொன்றாவது இல்லை.

மெல்லியது என்றால் இன்னும் நன்றாக வழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. 2004-ல் கைம், நோவோசெலோவ் என்ற இயற்பியலாளர்கள் செலோடேப் வைத்து கிராஃபைட்டை உரித்து ஒற்றை ஏட்டைப் பிரித்தார்கள். அந்த ஒற்றை ஏட்டின் பெயர்தான் கிராஃபீன். நம் பாட்டியின் வேலைதான், கத்திக்குப் பதில் டேப். 2010-ல் அதற்கு நோபல் பரிசு. அதே 2010-ல் வேறொரு ஆய்வுக் குழு, கிராஃபீன், மாலிப்டினம் டைசல்ஃபைடு உட்பட நான்கு பொருள்களை ஏடு ஏடாகக் குறைத்து, மிகக் கூரான ஊசியால் உரசி அளந்து வெளியிட்டது. ஏடு குறையக் குறைய உராய்வு கூடியது. ஒற்றை ஏட்டில்தான் அதிகம். காரணத்தை இஸ்திரி போடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மெல்லிய வேட்டியைப் பிடிக்காமல் பெட்டியைத் தள்ளினால் முன்னால் மடிப்பு எழும்பும், பெட்டி அந்த மடிப்பில் முட்டும். ஊசிக்கு முன்னால் ஒற்றை ஏடு அப்படித்தான் சுருங்கி எழும்புகிறது. தடித்த அடுக்கு எழும்பாது.

வேட்டியை மேஜையோடு இறுக்கிப் பிடித்தால் மடிப்பு வராது அல்லவா? அந்த ஆய்வுக் குழுவினரும் அதைச் செய்து பார்த்தார்கள். கிராஃபீன் ஏட்டை நன்றாக ஒட்டிக்கொள்ளும் ஒரு தளத்தின் மேல் வைத்ததும், ஒற்றை ஏட்டுக்கும் தடித்த அடுக்குக்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அந்தத் தளம் புதிதாக உரித்த மைக்கா.

ஆக தங்கை, உங்கள் கேள்விக்கு நேர் பதில்: மசகாகப் போடுவது மைக்கா அல்ல. ஆனால் மசகு எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொடுத்ததும், மெல்லிய ஏட்டுக்கு நல்ல படுக்கையாக இருந்ததும் மைக்காதான். பாட்டி இருந்தால் எவ்வளவு மெல்லிசாக உரிப்பார்கள், எப்படிக் கையில் அளவு பார்ப்பார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். வீட்டில் பழைய தகடு ஏதாவது கிடந்தால், ஒரு ஏட்டை உரித்து, உரித்த முகத்தில் விரல் படாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் பரவி ஓடும். அதே சொட்டை விரல் பட்ட பழைய முகத்தில் விட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.