சுற்றுகிற தட்டில் புள்ளி மட்டும் ஏன் நிற்கிறது? ரெக்கார்டு பிளேயரின் சிவப்பு விளக்கு

[திரையில்: சுழலும் தட்டின் விளிம்பு, மிக அருகில்]

இந்த விளிம்பைப் பாருங்கள் மக்களே. தட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மேலே லேபிளில் இருக்கும் எழுத்தைப் படிக்கக்கூட முடியவில்லை. ஆனால் விளிம்பில் இருக்கும் புள்ளிகள்? ஆணி அடித்ததுபோல நிற்கின்றன. இப்போது இந்தச் சின்னச் சிவப்பு விளக்கை மட்டும் விரலால் மறைக்கிறேன். பார்த்தீர்களா? புள்ளிகள் எல்லாம் கரைந்து ஒரே சாம்பல் கோடாகிவிட்டன. விரலை எடுக்கிறேன். மறுபடியும் நின்றுவிட்டன.

எடிட்டிங்கில் எதுவும் செய்யவில்லை. உங்கள் கண் முன்னால் நேரில் நடந்தாலும் இப்படித்தான் தெரியும்.

வணக்கம். நாகர்கோவிலிலிருந்து பேசுகிறேன். அந்தச் சிவப்பு விளக்கு அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு கடிகாரம். இந்த வகைக் கடிகாரங்களில் சில, சில நேரம் பொய்யும் சொல்லும். எப்போது பொய் சொல்லும் என்பதை எனக்குக் காட்டியவர் என் பாட்டா, அதாவது தாத்தா. அந்தக் கதைக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன், பாதியில் போய்விடாதீர்கள்.

முதலில் வரலாறு, ஒரே மூச்சில். 1877-இல் எடிசன் ஒலியை உருளையில் பிடித்தார். 1887-இல் பெர்லினர் அதைத் தட்டையான தட்டாக மாற்றினார். 1948-இல் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. வந்தது, அடுத்த வருஷமே 45 வந்தது. வரலாறு போதும்.

சரி, புள்ளி ஏன் நிற்கிறது?

நம் வீட்டிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபேனை நிறுத்தினால், வேகம் குறையும்போது ஒரு கட்டத்தில் இறக்கைகள் பின்பக்கமாக மெல்ல நகர்வதுபோல் தெரியும். சின்ன வயதில் நான் பாயில் படுத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்து ஏச்சு வாங்கியிருக்கிறேன். காரணம் ஃபேன் இல்லை, லைட். நம் ஊர் கரண்டு நொடிக்கு 50 முறை ஒரு திசையில் போய், மறுதிசையில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் போகும்போது ஒரு மின்னல், வரும்போது ஒரு மின்னல், ஆக நொடிக்கு 100 மின்னல். நம் கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகத் தெரிகிறது. சுற்றும் பொருளுக்கு மட்டும்தான் அது விட்டுவிட்டு எரிவது தெரியும்.

குண்டு பல்பில் இது சரியாக நடக்காது. உள்ளே இருக்கும் இழை சூடாகிவிட்டால் நூறில் ஒரு நொடிக்குள் ஆறிவிடாது, எரிந்துகொண்டே இருக்கும். நியான் அப்படி இல்லை. கரண்டு வந்தால் எரியும், இறங்கினால் அதே கணம் அணையும். நியான் எங்கே பார்ப்பது என்கிறீர்களா? டெஸ்டர். பிளக்கில் கரண்டு இருக்கிறதா என்று குத்திப் பார்ப்போமே, அதற்குள் ஆரஞ்சாக மின்னுவது நியான்தான். இங்கிலாந்தின் காரார்ட் 401 போன்ற பழைய பிளேயர்களில் தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்ததும் அந்த வகை விளக்கைத்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நொடிக்கு 100 மின்னல் என்றால் நிமிடத்துக்கு 6000. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 6000-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 180. அதனால் வட்டத்தில் சரியாக 180 கோடு போடுகிறார்கள். முதல் மின்னலில் ஒரு கோடு ஓர் இடத்தில் தெரிகிறது. அடுத்த மின்னல் வருவதற்குள் தட்டு சரியாக ஒரு கோட்டளவு நகர்ந்து, அதே இடத்துக்கு அடுத்த கோடு வந்து நின்றுவிடுகிறது. நீங்கள் பார்ப்பது நிற்கும் கோடு இல்லை. ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிறார், அவ்வளவுதான். நொடிக்கு 100 பேர்.

தட்டு கொஞ்சம் மெதுவாகப் போனால், கோடு முழுவதும் நகராமல் கொஞ்சம் பின்தங்கும். புள்ளிகள் பின்னால் ஊர்வதுபோல் தெரியும். வேகமாகப் போனால் முன்னால் ஊரும். எவ்வளவு பிழை என்பதையும் எண்ணிவிடலாம். நிமிடத்துக்கு 30 புள்ளி பின்னால் போனால் வேகம் அரை சதவீதம் குறைவு. விரல் விட்டு எண்ணலாம், எந்தக் கருவியும் வேண்டாம்.

டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 மார்க் 2 என்று 1979-இல் ஒரு பிளேயர் வந்தது. டிஸ்கோ மேடைகளில் உலகம் முழுக்க இதைத்தான் சுற்றினார்கள். அதன் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள். ஒரு வரிசை நின்றால் வேகம் சரி. மற்ற மூன்றும் நிற்பது வேகம் 6 சதவீதம் கூடும்போது, 3.3 சதவீதம் கூடும்போது, 3.3 சதவீதம் குறையும்போது. அந்த 6 சதவீதம் என்றால் என்ன தெரியுமா? பாட்டு கற்றவர்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடும். நல்ல நாதஸ்வரத் தட்டு ஒன்றை அப்படி வேகம் கூட்டி ஓட்டிப் பாருங்கள், வாசிக்கிறவரே வேறு ஆள் மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் இதைப் போட்டுக் காட்டுவேன்.

[திரையில்: பழுப்பேறிய வட்ட அட்டை, நடுவில் துளை]

இப்போது பாட்டா.

பாட்டா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், கோவில் கொடை, குருசடித் திருவிழா என்று திங்கள்சந்தையைச் சுற்றி எங்கே கூப்பிட்டாலும் போவார். தென்னை மரத்தில் குழாய் கட்டுவார்கள். கீழே ஓலைப் பந்தலுக்குள் ஆம்ப்ளிஃபயரும் பிளேயரும் இருக்கும். ரெக்கார்டு போய்க் கேசட் வந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய பிளேயரில் விளக்கு எதுவும் கிடையாது. இந்த அட்டைதான். லேபிளை மூடும் அளவு, சுற்றி 180 கறுப்புக் கோடு. ரெக்கார்டின் நடுவில் இதை வைத்துவிட்டால், ஊசி வெளியே பாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வேகத்தைப் பார்க்கலாம். பந்தலின் டியூப் லைட்தான் மின்னல் விளக்கு. பாட்டா இதைச் சக்கரம் என்றுதான் சொல்வார். ஓரத்தில் அவருடைய வெற்றிலைக் கறை இன்னும் இருக்கிறது, பாருங்கள்.

ஒரு கொடை. ராத்திரி. கரண்டு போய் ஜெனரேட்டரில் ஓடுகிறது. பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ போய்க் கோபுரத்து சீரியல் லைட்டை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிட்டார்கள். ஜெனரேட்டர் ஒரு முனகு முனகியது. பாட்டு அப்படியே கீழே இறங்கியது. பாடுகிறவர் சோர்ந்துபோய் உட்கார்ந்ததுபோல. நான் ஓடிப்போய் அட்டையைப் பார்த்தேன். கோடுகள் நின்றபடியே நிற்கின்றன!

பாட்டா சிரித்தார். "மக்களே, பாட்டு தாழுது, கேக்குதா? சக்கரம் நிக்கத்தான் செய்யுது."

"ஏன் பாட்டா?"

"கரண்டே தாழுதுல்லா. மோட்டாரும் அதைப் பாத்துதான் ஓடும், லைட்டும் அதைப் பாத்துதான் எரியும். ரெண்டும் சேந்து இறங்குனா யாரு காட்டிக்குடுப்பா?"

இது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அந்தக் கால பிளேயரின் மோட்டார், கரண்டு நொடிக்கு எத்தனை முறை போய் வருகிறதோ அதைப் பார்த்துத்தான் ஓடும். பாரம் கூடியதும் ஜெனரேட்டர் சுற்றும் வேகம் குறைந்து, 50 என்பது 48 ஆனால் மோட்டாரும் 4 சதவீதம் மெதுவாகிவிடும். பாட்டு ஏறக்குறைய அரைக் கட்டையில் முக்கால் பங்கு இறங்கிவிடும். ஆனால் லைட்டும் நொடிக்கு 100-க்குப் பதிலாக 96 மின்னல்தான் மின்னுகிறது. அளக்கிற கோலும் அளக்கப்படுகிற துணியும் ஒரே அளவுக்குச் சுருங்கினால் அளவு சரியாகத்தானே வரும்? பிழையைப் பிடித்தது பாட்டாவின் காது மட்டும்தான்.

[திரையில்: முப்பந்தல் காற்றாலைகள், பேருந்து ஜன்னலிலிருந்து]

இதைச் சொல்லும்போது முப்பந்தலுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பேருந்திலிருந்து எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றில் பழைய வகை ஒன்று உண்டு. காற்று கூடினாலும் குறைந்தாலும் அது சுற்றும் வேகம் பெரிதாக மாறாது. அதன் ஜெனரேட்டர், மின்கம்பியில் ஓடும் அந்த 50-ஐப் பிடித்துக்கொண்டுதான் சுற்ற முடியும். பாட்டாவின் பிளேயர் மோட்டார் எதற்குக் கட்டுப்பட்டதோ அதற்கேதான் அவ்வளவு பெரிய இறக்கைகளும் கட்டுப்படுகின்றன. ஒன்று கரண்டை எடுக்கிறது, இன்னொன்று கொடுக்கிறது, நடை ஒன்றுதான். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ரெக்கார்டு ஞாபகம்தான்.

2013 டிசம்பர் 31 வரை தென்னிந்திய மின்கட்டமைப்பு, நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே நடையில் இணையாமல் தனியாகத்தான் ஓடியது. ராய்ச்சூர்-சோலாப்பூர் கம்பி இணைந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே 50. இப்போது 49.90 முதல் 50.05 வரை இருக்க வேண்டும் என்று விதி. அந்த அளவு ஏற்ற இறக்கத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது.

பாட்டாவின் சிக்கலைத் தீர்த்தது குவார்ட்ஸ். கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே படிகம். முதலில் காட்டினேனே, அந்தச் சிவப்பு விளக்கு வீட்டுக் கரண்டைப் பார்த்து மின்னுவதில்லை. உள்ளே இருக்கும் படிகத்தின் கணக்குக்கு மின்னுகிறது. ஜெனரேட்டர் முனகினாலும் அது தன் தாளத்தை விடாது.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கேட்டால் பழைய தட்டு வைத்திருப்பவர்கள் அசந்துவிடுவீர்கள். எல்.பி.க்கு முந்தைய காலத்தில், நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர் வாங்கிய 78 தட்டு 78-இல் சுற்றுவதில்லை! 6000-ஐ 78-ஆல் வகுத்துப் பாருங்கள், 76.92 வரும். முக்கால் கோடு, அரைக்கால் கோடு என்று போட முடியாதே. அதனால் 77 கோடு போட்டார்கள். அப்படியானால் கோடு நிற்கும்போது உண்மையான வேகம் 77.92. அமெரிக்காவில் கரண்டு 60. அங்கே 92 கோடு, வேகம் 78.26. ஒரே பாட்டு, கடல் தாண்டினால் வேகம் வேறு. பாதிக் கோடு போட முடியாததால் வந்த வித்தியாசம் இது. 45-க்கும் நம் பக்கம் 133 கோடுதான், அதனால் 45.11.

உங்கள் பிளேயரைச் சோதிக்க ஓர் அட்டையை அச்செடுத்து நடுவில் துளை போட்டால் போதும். 50 என்று போட்ட வட்டத்தைப் பாருங்கள், 60 அமெரிக்காவுக்கு. போன் டார்ச் அடித்தால் எதுவும் தெரியாது, அது மின்னாமல் எரியும். கனமான பழைய சோக் போட்ட டியூப் லைட் வேண்டும். எலக்ட்ரானிக் சோக் என்றால் வேலைக்காகாது. அதுவும் இல்லையென்றால் அறையை இருட்டாக்கிவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எரியும் சிவப்பு இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் பிளேயரை வைத்துப் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் கோடு நிற்பது தெரியும்.

இன்னொரு விளக்கு இருக்கிறது, ஊசி இறங்கும் இடத்தைக் காட்டுவது. டெக்னிக்ஸில் அழுத்தினால் தலையை நீட்டிக்கொண்டு எழும் சின்னக் குழல் விளக்கு அதுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் பளபளப்பான இடைவெளியில் ஊசியை இறக்க, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து வர வேண்டும். நேர் மேலிருந்து வந்தால் தட்டு முழுக்கக் கறுப்பாகத்தான் தெரியும். சாய்த்தால் தூசியும் கீறலும்கூட எழுந்து நிற்கும். தனியாக விளக்கு வாங்குகிறவர்கள் எல்.இ.டி. வாங்குங்கள், பேட்டரியில் எரிவதாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஊசித் தலையிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, பக்கத்தில் மலிவான அடாப்டர் இருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறும். குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். ஒரு முறை 40 வாட் மேசை விளக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் எரியவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஓரம் அப்பளம்போல் வளைந்திருந்தது. பாட்டாவிடமிருந்து வந்த தட்டு அது. இன்றுவரை மனம் ஆறவில்லை.

வெளிச்சமே ஊசியாக மாறிய கதையும் உண்டு. 1940-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஃபில்கோ, ஊசியோடு ஒரு குட்டிக் கண்ணாடியைச் சேர்த்து, அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் அசைவைப் பாட்டாக்கியது. பின்னால் ஜப்பானின் இ.எல்.பி. ஊசியையே எடுத்துவிட்டு லேசரால் தட்டைப் படிக்கும் பிளேயரை விற்றது. கறுப்புத் தட்டைத்தான் அது படிக்கும், வண்ணத் தட்டு வைத்தால் படிக்காது. இதற்குத் தனி வீடியோ போடலாமா, சொல்லுங்கள்.

இந்த வீடியோவை நொடிக்கு 25 பிரேமில் எடுத்திருக்கிறேன். 30-இல் எடுத்தபோது டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மினுமினுத்தது. கேமராவும் கரண்டைப் பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் மைக்செட் வைத்திருந்தவர்கள் இருந்தால், தக்கலையோ குளச்சலோ குலசேகரமோ எங்கேயானாலும் சரி, பழைய பெட்டிக்குள் இப்படி ஓர் அட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் எத்தனை கோடு என்று எண்ணிக் கமெண்டில் எழுதுங்கள். 180 என்றால் எல்.பி., 77 என்றால் 78 தட்டு. 216 என்று வந்தால் அந்த அட்டை 60 கரண்டு ஓடும் ஊருக்காகச் செய்தது. அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்ற கதையையும் சேர்த்து எழுதுங்கள்.

[திரையில்: டியூப் லைட்டின் கீழ் பாட்டாவின் அட்டை சுற்றுகிறது, கோடுகள் நிற்கின்றன]