ஃபீலாவும் நென்னாவும்: ஷலீன் சர்ட்டி-ரிச்சர்ட்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

தினசரித் தொடரில் வீட்டுப் பணியாளராக நடிப்பவரை யாரும் பெரிய நடிகை என்று எண்ணுவதில்லை. தட்டை ஏந்தி வருவார், முதலாளியம்மா அழுதால் கேட்டுக்கொள்வார், போவார். தென்னாப்பிரிக்க நடிகை ஷலீன் சர்ட்டி-ரிச்சர்ட்ஸ் அப்படி ஒரு வேடத்தை ஏற்று, அதை ஒரு நாடே அறிந்த ஆளாக்கிக் காட்டினார். அது எவ்வளவு கடினமான வேலை என்பது, தினசரித் தொடர் எப்படிப் படமாகிறது என்று தெரிந்தால்தான் புரியும்.

1955 மே 7 அன்று ஆரஞ்சு ஆற்றங்கரையில் உள்ள அப்பிங்டனில் அவர் பிறந்தார். வறண்ட பகுதி. அங்கே பெரும்பாலோர் பேசுவது டச்சு மொழியிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் அவரைப் போன்றவர்களைக் ‘கலர்ட்’, அதாவது கலப்பினத்தவர், என்று முத்திரை குத்தியிருந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் முடிவுசெய்த காலம். மழலையர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் நாடகக் குழுக்களில் நடித்தார். 1980-களின் நடுவில், அரசு மானியத்தில் இயங்கிய கேப் மாகாணக் கலை வாரியத்தின் வழியாகத் தொழில்முறை மேடைக்கு வந்தார். கேப் டவுனில் அந்த வாரியத்தின் பெரிய அரங்கம் 1971-இல் திறந்தபோது வெள்ளையருக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் உள்ளே வர நான்கு ஆண்டுகள் ஆயின.

தொலைக்காட்சியே அந்த நாட்டுக்குத் தாமதமாக வந்தது. 1976 ஜனவரி 5 அன்று ஒரே ஒரு அலைவரிசை தொடங்கியது. பாதி நேரம் ஆங்கிலம், பாதி நேரம் ஆஃப்ரிகான்ஸ். ஆப்பிரிக்க மொழிகளுக்கு 1982 வரை இடமில்லை. இன ஒதுக்கலை எதிர்த்து பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை அங்கே விற்கக்கூடாது என்று தடுத்தது. அமெரிக்கத் தொடர்களை ஆஃப்ரிகான்ஸில் டப்பிங் செய்து காட்டினார்கள். அசல் ஆங்கில வசனம் வேண்டுமானால் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே ‘ரேடியோ 2000’ என்ற வானொலியைத் திருப்பிக் கேட்கவேண்டும். வானொலி நேயர்களுக்கு இது சுவையான செய்தி என்பதால் சொன்னேன்.

ஷலீனுக்குப் பெயர் வாங்கித் தந்தது 1988-இல் காட்டின்கா ஹெய்ன்ஸ் இயக்கிய ‘ஃபீலா செ கிண்ட்’. ஃபீலாவின் பிள்ளை என்று பொருள். டாலீன் மாத்தேயின் நாவலைத் தழுவிய படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாங்க்ளூஃப் பள்ளத்தாக்கில் வாழும் கலர்ட் பெண் ஃபீலா. அவள் வாசலில் மூன்று வயது வெள்ளைக் குழந்தை ஒன்று கிடக்கிறது, எடுத்து வளர்க்கிறாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் அவனைப் பார்க்கிறார்கள். நைஸ்னா காட்டில் மரம் வெட்டும் வெள்ளைக் குடும்பம் ஒன்று அவன் தங்கள் காணாமல் போன மகன் என்கிறது; நீதிபதி பிள்ளையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். படம் வெளிவந்தபோது மக்கள் பதிவுச் சட்டம் அமலில்தான் இருந்தது, 1991-இல்தான் நீக்கினார்கள். பழைய கதை என்ற போர்வையில், அன்றைய சட்டத்தைத் தாங்கிப்பிடித்த பார்வையாளர்கள் முன்னாலேயே ஒரு தாயின் நியாயம் நின்றது. அந்தத் தாய் ஷலீன்.

அடுத்து ‘எகோலி’. ஃபிரான்ஸ் மார்க்ஸ் உருவாக்கிய இத்தொடர்தான் அந்நாட்டின் முதல் தினசரித் தொடர். எம்-நெட்டில் 1992 ஏப்ரல் 6 அன்று தொடங்கியது. இன ஒதுக்கலை முடிவுக்குக் கொண்டுவரும் சீர்திருத்தத்தைத் தொடரலாமா என்று வெள்ளையரிடம் மட்டும் நடத்திய பொது வாக்கெடுப்பு மார்ச் 17 அன்று முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. எம்-நெட் கட்டண அலைவரிசைதான். ஆனால் அப்போது மாலையில் சில மணி நேரம், சந்தாதாரர் வீட்டில் வைக்கும் டிகோடர் பெட்டி இல்லாதவர்களுக்கும் தெரியும்படி திறந்துவிட்டார்கள். ‘எகோலி’ அந்த நேரத்தில் வந்தது. சந்தா கட்ட வழியில்லாத வீடுகளுக்குள்ளும் அது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். 2010 மார்ச் 31 வரை ஓடியது. 4,500-க்கும் மேற்பட்ட பகுதிகள். அதில் ஷலீன் ஏற்ற பாத்திரம் எஸ்டர் வில்லெம்ஸ். எல்லோரும் கூப்பிடும் பெயர் நென்னா. வசதியான வெள்ளைக் குடும்பத்து வீட்டுப் பணியாளர்.

இனி வேலையைப் பார்ப்போம். அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 முதல் 24 நிமிடம். வாரம் ஐந்து பகுதி என்றால் 110 நிமிடத்துக்கு மேல். ஐந்து நாள் ஷூட்டிங்கில் இதை முடிக்க, ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தாகவேண்டும். சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று நிமிடம் எடுத்தாலே நிறைவு. ஆகவே ஒரே காட்சியை மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் பிடிக்கும். ஒரு காட்சி இரண்டு நிமிடம் என்று வைத்தால், நாளைக்குப் பத்துக் காட்சிக்குக் குறையாது.

காட்சிகளைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. செட் வரிசையில் எடுப்பார்கள். சமையலறை செட்டில் விளக்கு வைத்துவிட்டால் அந்த வாரத்துச் சமையலறைக் காட்சிகள் அத்தனையும் அன்றே முடியவேண்டும். கூடத்தில் நடிப்பவருக்கு இரண்டு காட்சி இருக்கும். சமையலறையே உலகமான பணியாளர் வேடத்துக்கு வரிசையாக வந்துகொண்டே இருக்கும். காலையில் வெள்ளிக்கிழமைச் சிரிப்பு, பதினொரு மணிக்குத் திங்கட்கிழமைச் சாவுச் செய்தி, சாப்பாட்டுக்குப் பிறகு புதன்கிழமைக் கோபம். ‘இந்தக் காட்சிக்கு முன்னால் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது’ என்று ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் குறித்து வைக்காத நடிகர் இங்கே தடுமாறிவிடுவார். இன்னும் தெரியாத செய்திக்கு முகம் முன்கூட்டியே வாடிவிடும். எடிட்டிங்கில் வரிசைப்படுத்தும்போதுதான் அது தெரியும். அதற்குள் செட்டைக் கலைத்திருப்பார்கள்.

கை வேலை இன்னொரு சிக்கல். பணியாளர் சும்மா நிற்பதில்லை. வெங்காயம் நறுக்குவார், துணி மடிப்பார். எந்தச் சொல்லில் கத்தி நின்றது என்பதை ஒவ்வொரு டேக்கிலும் அப்படியே திரும்பச் செய்யவேண்டும். மாறினால் இரண்டு டேக்குகளை ஒட்டமுடியாது. வசனத்தின் நடுவே வெட்டும் சத்தம் விழுந்தால் ஒலிப்பதிவும் கெடும். தேர்ந்தவர்கள் எதிராளியின் வரிக்கும் தம் வரிக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் கத்தியை இறக்குவார்கள்.

வெளிச்சமும் சோதனைதான். வெள்ளைத் தோலுக்குக் கேமராவின் ஒளி அளவை வைத்தால், பக்கத்தில் நிற்கும் மாநிற முகத்தில் கண்குழி இருண்டு பார்வை காணாமல் போகும். மூன்று கேமராவுக்கும் பொதுவாக விளக்கு வைப்பதால் ஆளுக்கு ஆள் திருத்த நேரமில்லை. அவருக்கென்று ஒரு சிறு விளக்கைத் தனியே வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அவர் அரை அடி தள்ளி நிற்கவேண்டும். தரையில் ஒட்டிய நாடாவைக் குனிந்து பார்க்காமல் அந்த அரை அடியில் வந்து நிற்பது பழக்கத்தால் வருவது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து எழுத்தில் இருக்கிறது. எழுத்தாளர்களுக்குப் பணியாளர் பாத்திரம் ஒரு வசதி. மற்றவர்கள் மனதைத் திறந்து பேச ஒரு காது வேண்டும். அந்தக் காது இவர். அப்படியே இரண்டு ஆண்டு போனால் அந்த ஆளுக்கென்று ஆசையோ கோபமோ எதுவும் மிஞ்சாது, பார்ப்பவர்களும் மறந்துவிடுவார்கள். காட்சி பேசுபவருக்காக எழுதப்பட்டிருந்தாலும், கேட்பவர் முகத்தில் சம்மதமோ மறுப்போ தெளிவாக ஓடினால் எடிட்டர் அந்த முகத்துக்கு வெட்டியே ஆகவேண்டும். திரை நேரம் வசனத்தால் மட்டும் வருவதில்லை, கேட்பதாலும் வரும். ஷலீனின் பலம் இங்கேதான் இருந்தது என்பது என் கணிப்பு. பின்னாளில் எம்-நெட் அவர் பெயரிலேயே ‘ஷலீன்’ என்ற உரையாடல் நிகழ்ச்சியைத் தந்தது. ‘சூப்பர்ஸ்டெர்ரெ’ பாட்டுப் போட்டியில் நடுவராகவும் இருந்தார்.

வருமானத்தையும் சொல்லியாகவேண்டும். அங்கே தொடர் நடிகர்கள் ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள். சம்பளம் பெரும்பாலும் கால்ஷீட் கணக்கில். கதையில் பாத்திரம் ஒரு மாதம் ஊருக்குப் போனால் வருமானமும் போய்விடும். ஊழியர் அல்ல என்பதால் தொழிலாளர் சட்டப்படி கூட்டாகப் பேரம் பேசவும் வழியில்லை. நடிகர் சங்கம் 2009-இல் தொடங்கியும் இந்தத் தடை நீங்கவில்லை. 1967-ஆம் ஆண்டின் கலைஞர் பாதுகாப்புச் சட்டமோ, படமெடுக்க ஒருமுறை சம்மதித்துவிட்டால் அதன் பிறகு நடிகருக்குச் சொல்லிக்கொள்ளும்படி உரிமை எதையும் வைக்கவில்லை. மறு ஒளிபரப்புக்குப் பணம் வருமா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2014 ஆகஸ்டில் ‘ஜெனரேஷன்ஸ்’ தொடரின் 16 நடிகர்கள் சம்பள உயர்வும் மறு ஒளிபரப்புத் தொகையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 16 பேரும் நீக்கப்பட்டார்கள். அந்த டிசம்பரில் தொடர் புதுப் பெயரோடு திரும்பி வந்தது.

ஷலீன் 2021 ஜூன் 7 அன்று கேப் டவுனில், 66 வயதில் காலமானார். அஞ்சலிகளில் ஃபீலா, நென்னா என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்தே வந்தன. நடிகருக்கு மறு பயன்பாட்டில் பங்கு தரும் சட்டத் திருத்தத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றியது. 2020 ஜூனில் குடியரசுத் தலைவர் ராமபோசா அதைத் திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. அக்டோபரில் அவர் கையெழுத்திடாமல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.