7,000 கேட்டாங்க, 750-ல முடிச்சேன்! (நடுவுல ஒரு கூத்து)

ஒரு நிமிஷம், நான் பேசல. கேளுங்க.

கேட்டுச்சா? அந்த 'ஹ்ஹ்ஹூ'ன்னு ஒரு சத்தம்? ஏசி ஃபேன நாலாம் நம்பர்ல வெச்சிருக்கேன். மூணு வாரமா இந்தக் காருக்குள்ள இந்தச் சத்தம் கிடையாது மக்களே. அக்னி நட்சத்திரம் ஓடுது, வெளிய நிறுத்துனா ஸ்டியரிங்க தொட முடியல, வண்டில ஏசி காத்து வரல.

நம்ம வெள்ளச்சிய உங்களுக்குத் தெரியும், 2011 மாடல். வைப்பர் மோட்டார் மாத்துன வீடியோல காபி டம்ளர பானெட் மேல வெச்சுட்டு அப்படியே பானெட்ட தூக்குனேனே, அதே வண்டி. இன்னிக்கு டம்ளர் அந்தா, மதில் மேல இருக்கு. திருந்திட்டேன்.

விஷயம் எப்படி ஆரம்பிச்சதுன்னா, பள்ளத்துல விழுந்தாத்தான் ஏசி வரும். சத்தியமா. வேளச்சேரி பக்கம் போனா ஜில்லுன்னு இருக்கும், நல்ல ரோடு வந்தா நின்னுடும். அப்புறம் அம்மா ஒரு வழி கண்டுபுடிச்சாங்க. இடது பக்க சீட்ல உக்காந்து, டேஷ்போர்டுக்கு அடில காலால ஒரு எத்து. உடனே ஓடும். ஒரு வாரம் அம்மாவோட கால்லதான் எங்க வீட்டு ஏசி ஓடுச்சு. அப்புறம் எத்துக்கும் மசியல.

மெக்கானிக் கிட்ட போனேன். எந்தக் கடைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அவரு பானெட்டக் கூட தொறக்கல. "கேஸ் போயிடுச்சு சார், டேஷ்போர்டு முழுசா எறக்கணும், 7,000 ஆகும்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கேஸ் போச்சுன்னா காத்து வரும், ஜில்லுன்னு இருக்காது. இங்க காத்தே வரலய்யா. கேஸுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்? இன்னொண்ணும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு, சிக்னல்ல நின்னா மட்டும் ஜில்லு போகுதுன்னா, முன்னாடி ரேடியேட்டர் பக்கம் இருக்கற கண்டென்சர் ஃபேன பாருங்க. அது வேற ஃபேன். நாம இன்னிக்குப் பேசறது உள்ள இருக்கற பிளோவர், அதாவது நம்ம மேல காத்த தள்ளுற ஃபேன்.

சரி, வீட்டுக்கு வந்து கிளவ் பாக்ஸ கழட்டுனேன். ரெண்டு பக்கமும் அமுக்கி இழுத்தா கையோட வந்துடும். அதுக்குப் பின்னாடி, கீழ பாத்தா, உருண்டையா ஒரு கறுப்பு டப்பா தொங்குது பாருங்க, அதுதான் பிளோவர் மோட்டார். அவ்ளோதான். இதுக்குப் போயி டேஷ்போர்ட எறக்கணுமாம்.

அய்யோ, முக்கியமானத விட்டுட்டேன். இதையெல்லாம் பிரிக்கறதுக்கு முன்னாடியே ஃபியூஸ பாத்தேன். நல்லாருந்துச்சு. அப்புறம் மோட்டாருக்கு வர்ற சாக்கெட்ட உருவி, சாவிய ஆன்ல வெச்சு, நாப் நாலுல வெச்சு, மல்டிமீட்டர வெச்சேன். 12.3 வோல்ட் காட்டுது. கரன்ட் வாசல் வரைக்கும் வந்து நிக்குது, மோட்டார்தான் கதவ தொறக்கல. உள்ள சுத்தற பாகத்துக்கு உரசிக்கிட்டே கரன்ட் குடுக்கற கார்பன் பிரஷ் தேஞ்சு போயிருக்கும். அதான் தட்டுனா ஒட்டிக்கிட்டு ஓடுது, கொஞ்ச நேரத்துல விட்டுடுது. உங்க வண்டில ஒண்ணு, ரெண்டு, மூணு வேலை செய்யாம நாலு மட்டும் ஓடுதுன்னா, மோட்டார மாத்திடாதீங்க. அது ரெசிஸ்டர், ஃபேன் வேகத்தக் கொறைக்கற பார்ட், விலையும் கம்மி. நாலுல மட்டும் கரன்ட் ரெசிஸ்டர் வழியா போகாது, நேரா போயிடும், அதனால.

செக் பண்ணி முடிச்சதும் பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க, பத்தாம் நம்பர் ஸ்பேனர். நம்ம வண்டில அந்தப் பக்கம் ஏர்பேக் கிடையாது. உங்க வண்டில இருந்தா, நெகட்டிவ எடுத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க, டீ குடிங்க, அப்புறம் கை வைங்க.

இப்ப வரப்போறது இந்த வீடியோவோட வில்லன். மோட்டார்ல மூணு ஸ்க்ரூ. ரெண்டு முன்னாடி, சமத்து. மூணாவது பின்னாடி, ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தகடு) மோட்டாருக்கும் நடுவுல, நாலு விரல் இடத்துல. நான் காலை சீட் மேல தூக்கிப் போட்டு, தலைய மிதியடில வெச்சு, வாயில டார்ச்ச கவ்விக்கிட்டு அரை மணி நேரம். ஸ்க்ரூ டிரைவர் நேரா நிக்கல, சாய்ச்சுத் திருகுனா வழுக்குது. ஸ்டார் தலை கொஞ்சம் கொஞ்சமா மழுங்க ஆரம்பிச்சுது. மழுங்கிப் போச்சுன்னா அவ்ளோதான், அந்த 7,000 ஆளு கால்ல போயி விழணும். கீழ எறங்கிப் போயி தெருமுனை ஹார்டுவேர் கடைல குட்டையா ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். 60 ரூபா. இந்தா, க்ளோசப்ல பாருங்க. கட்டை விரல் அளவுதான் இருக்கு. உள்ள விட்டு ஒரு திருகு, 'டக்'. மக்களே, இந்த வருஷம் நான் வாங்கினதுலயே நல்ல பொருள் இதுதான். புது ஃபோனும் அடக்கம்.

மோட்டார் கீழ எறங்குச்சு. கூடவே ஒரு குப்பை! காஞ்ச வேப்பிலை, கடலைத் தோல், சீட் ஸ்பாஞ்ச பிச்சுப் போட்ட துண்டு. எலி குடும்பம் நடத்தியிருக்கு. அந்த வாசனைய வீடியோல காட்ட முடியல, உங்க அதிர்ஷ்டம்.

மோட்டார பையில போட்டுக்கிட்டு நேரா புதுப்பேட்டை, பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற இடம். புதுசு ஜி.பி. ரோட்ல விசாரிச்சேன், 2,400 சொன்னாங்க. 2011 வண்டிக்கு எதுக்குங்க புதுசு? எனக்கு புதுப்பேட்டைன்னா உயிரு. அங்க ஒரு பெரியவர் என் மோட்டார வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்து, வேற வண்டி மோட்டார் ஒண்ண எடுத்தாரு. "பாடி சேம் தம்பி, உங்க ஃபேன் வீலையே மாட்டிக்கலாம்." 900 சொன்னாரு. நான் 500. "போணி கூட ஆவல தம்பி"ங்கறாரு, மணி மத்தியானம் மூணு! கடைசில 650. வீல மாத்திக் குடுத்து, அங்கயே ஒரு பேட்டரில மாட்டி ஓட்டிக் காட்டுனாரு. பிரமாதமா ஓடுச்சு. ஓடலைன்னா கொண்டான்னாரு.

வீட்டுக்கு வந்தா சாக்கெட் வேற மாதிரி இருக்கு. பழைய மோட்டாரோட சாக்கெட்ட ஒயரோட வெட்டி, இதுல ஜாயின்ட் போட்டேன். கறுப்புக்குக் கறுப்பு, மிச்சத்துக்கு மிச்சம். இங்க முறுக்கி டேப் சுத்துற வேலை வேணாம். பிளோவர் நிறைய ஆம்பியர் இழுக்கும், ஜாயின்ட் லூஸா இருந்தா சூடாகி உருகிடும். சால்டர் வெச்சு, ஒயர மூடற மாதிரி மேல ஸ்லீவ் போட்டேன்.

மாட்டி, ஆன் பண்ணேன். காத்து வருது. ஆனா எப்படி? கொசுவர்த்தி புகை மாதிரி வருது. நாலுல வெச்சாலும் ஒண்ணு மாதிரி. சத்தம் மட்டும் ஜெட் மாதிரி. போச்சுடா, ஏமாத்திட்டாருன்னு, கேமராவ ஆன் பண்ணி பத்து நிமிஷம் அந்தப் பெரியவர திட்டித் தீத்தேன். வாய்க்கு வந்தபடி.

ராத்திரி எடிட் பண்ண உக்காந்தேன். கடைல எடுத்தத போட்டுப் பாக்கறேன். நான் இந்தப் பக்கம் திரும்பி, "மக்களே, வந்துட்டோம் பாருங்க புதுப்பேட்டை"ன்னு உங்க கிட்ட சவடால் விட்டுட்டு நிக்கறேன். பின்னாடி அவரு சிவப்பு கிளிப்ப கறுப்பு ஒயர்ல மாட்டறாரு. மாட்டிட்டு என்னைப் பாத்து, தெளிவா, "தம்பி, ஒயர மாத்திக் குடுக்கணும், பாத்துக்க"ங்கறாரு. நான் தலைய வேற ஆட்டறேன்! காதுல வாங்கவே இல்ல.

அதுதான் விஷயம். பிளஸ் மைனஸ மாத்தினா இந்த மோட்டார் தலைகீழா சுத்தும். ஆனா அந்த வீல்ல இருக்கற பிளேடெல்லாம் ஒரே பக்கமா வளைஞ்சிருக்கு, பாருங்க, வரிசையா கரண்டி அடுக்கின மாதிரி. தலைகீழா சுத்தினாலும் காத்து அதே வழியாத்தான் வரும், ஆனா பலமா வராது. கரண்டிய குப்புறப் புடிச்சு சாம்பார் அள்ளுனா எவ்ளோ வரும்? அவ்ளோதான் வரும். அதனாலதான் எனக்கு சந்தேகமே வரல. காத்தே வராம இருந்திருந்தா உடனே யோசிச்சிருப்பேன்.

காலைல ரெண்டு ஒயரையும் மாத்தி சால்டர் பண்ணேன், பத்து நிமிஷம். குட்டை ஸ்க்ரூ டிரைவர் இருக்க பயமேன். ஆன் பண்ணேன், டேஷ்போர்டு மேல இருந்த பார்க்கிங் டோக்கன் பறந்து பின் சீட்ல போயி விழுந்துச்சு. அந்த டோக்கன் 20 ரூபா. ஸ்லீவ் 20, மோட்டார் 650, ஸ்க்ரூ டிரைவர் 60. ஆக 750.

திட்டின வீடியோவ அழிச்சுட்டேன், யாரும் கேக்காதீங்க. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனா பெரியவருக்கு ஒரு டீ.

இருங்க, அம்மா வந்துட்டாங்க, கோயிலுக்குப் போகணும். ம்மா, ஏறுங்க. ஏசி ஓடுது பாருங்க, ஜில்லுன்னு... ம்மா! ஓடுதும்மா, எதுக்கு எத்தறீங்க!