மனு பார்க்க யார் வருகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். வட சென்னைக்காரர்களுக்குப் புழல் என்றால் ஒன்று ஏரி, இல்லையென்றால் ஜெயில். நான் பேசப்போவது ஜெயிலைப் பற்றி, அதிலும் பெண்கள் சிறையைப் பற்றி.

வழக்கறிஞராகப் பல வருடங்கள் அங்கே போய் வந்தவள் நான். மனு பார்க்கிற நாளில், அதாவது உள்ளே இருப்பவரைச் சொந்தக்காரர்கள் வந்து சந்திக்கிற நாளில், ஆண் கைதிகளைப் பார்க்க நிற்கும் வரிசையைக் கவனியுங்கள். மனைவி, அம்மா, தங்கச்சி. வியாசர்பாடியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் காலையிலேயே கிளம்பி, கையில் ஆதார் அட்டையோடு நிற்பார்கள். அப்புறம் பெண்கள் சிறைப் பக்கம் வாருங்கள். கைதிகளே குறைவுதான், சரி. ஆனால் வருகிறவர்கள் யார்? அங்கேயும் வயதான அம்மாக்கள்தான். கணவன் வந்து நின்று நான் பார்த்தது அபூர்வம்.

காசிமேட்டு ஆயா ஒருவரை மறக்க முடியவில்லை. மகள் உள்ளே, பேரன் ஆயாவிடம். தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையை ஆறு வயது வரைதான் வைத்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொல்லியிருக்கிறது. ஆறு முடிந்ததும் பையன் வெளியே வந்துவிட்டான். கட்டணமில்லாப் பேருந்து இருப்பதால்தான் கூட்டி வர முடிகிறது என்றார் ஆயா. பையனுக்கு முன்பல் விழுந்திருந்தது. அந்தப் பல்லைக் காகிதத்தில் மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருந்தார். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். வரிசை நகர நகர, "பல்லு இருக்கா ஆயா?" என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவரும் ஒவ்வொரு தடவையும் பையைத் திறந்து காட்டினார்.

இதைத்தான் எங்கே போனாலும் சொல்லி வருகிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மனு விதி என்பது சமத்துவம் போலத் தெரியும். ஆனால் குடும்பத்தில் மனு பார்க்கப் போகிறவளே உள்ளே போய்விட்டால், அவளை யார் போய்ப் பார்ப்பது?

பெண் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2010-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள் இதை யோசித்திருக்கின்றன. மொத்தம் 70 விதிகள். பெண் கைதியைப் பார்க்க வருவதை நிர்வாகமே ஊக்குவிக்க வேண்டும், முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்துச் சிறையில் வைக்க வேண்டும், குழந்தை வந்தால் தாய் அதைத் தொட்டுப் பேச இடம் வேண்டும், உள்ளே அனுப்புவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்ய அவளுக்கு அவகாசம் தர வேண்டும். நாப்கின் இலவசமாகத் தர வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. அதையும் எழுதி வைக்க வேண்டியிருந்தது, பாருங்கள்!

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மற்ற நாடுகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், இரண்டு மட்டும் சொல்கிறேன். பிரேசில் உச்ச நீதிமன்றம் 2018-ல், கர்ப்பிணிகளும் 12 வயது வரை பிள்ளை உள்ள தாய்மாரும் விசாரணைக் கைதிகளாக இருந்தால், வன்முறைக் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர, வீட்டுக் காவலில் வைக்கச் சொன்னது. அதே வருடம் அமெரிக்கா, மத்திய அரசுச் சிறைகளில் கர்ப்பிணிக்கு விலங்கு மாட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது.

உங்கள் தெருவில் யாராவது பெண் உள்ளே இருந்தால், வருமானம் எவ்வளவு என்றாலும் அவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. இன்னொரு முறை சொல்கிறேன், 15100. அவர் பிள்ளை வெளியே இருந்தால், ஒருநாள் மனுவுக்குக் கூட்டிப் போங்கள். வணக்கம்.